பாப்பா, பையை இப்படிக் கட்டு

பாப்பா,

அடுத்த சனிக்கிழமை என்னுடைய 4×5 கேமராவை எடுத்துக்கொண்டு கொடைக்கானல் போகப்போகிறாய். என்னால் கூட வர முடியவில்லை. போனில் அரைகுறையாகச் சொல்வதைவிட எழுதிக் கொடுப்பதே மேல் என்று உட்கார்ந்துவிட்டேன். படம் எடுக்க உனக்குத் தெரியும். ஆறு மாதமாக மொட்டை மாடியில் பழகியிருக்கிறாய். ஆனால் மாடிக்குக் கேமராவைக் கையில் ஏந்திக்கொண்டு போனாய். அங்கே வட்டக்கானலில் அது உன் முதுகில் ஏறி வரவேண்டும். அது வேறு வேலை.

நான் பார்த்தவரை இந்தக் கேமரா கீழே விழுந்து கெட்டதைவிடப் பைக்குள்ளேயே கெட்டதுதான் அதிகம். ஒரு சாமான் இன்னொன்றில் இடிக்கும், திருகு தளரும், தூசி இறங்கும். இல்லையென்றால் மேலே போனதும் வெளிச்சம் ஓடிவிடுமே என்ற பதற்றத்தில் நாமே பையைக் கிளறி எதையாவது தட்டிவிடுவோம். அதனால் என் கணக்கு இரண்டே. பைக்குள் எதுவும் அசையக் கூடாது. பையைத் திறந்தால் எதையும் தேடக் கூடாது.

இதை நான் கற்றுக்கொண்டது மேகமலைக்குப் போன அன்று. அதிகாலை பஸ், வளைவு வளைவாக ஏற்றம். டிரைபாட் தலையில் மாட்டும் இரும்புத் தகட்டைக் கேமராவிலிருந்து கழற்றாமலே பையில் போட்டிருந்தேன், மேலே ஒரு ஸ்வெட்டரைத் திணித்தேன், அவ்வளவுதான் பாதுகாப்பு. பக்கத்திலிருந்த லூப், அதாவது ஃபோகஸ் பார்க்கும் பூதக்கண்ணாடி, கழன்று, பின்பக்கக் கிரவுண்ட் கிளாஸுக்கு நேராக வந்து உட்கார்ந்துகொண்டது. பை வெளியே எங்கும் மோதவில்லை. ஒவ்வொரு வளைவிலும் உள்ளே மெல்ல மெல்ல அழுத்தம்தான். மேலே போய்த் திறந்தபோது கண்ணாடியில் மூலைக்கு மூலை ஒரு விரிசல். பனி விலகி மலை முழுதும் எதிரே நின்றது, எனக்கு ஃபோகஸ் பார்க்க வழியில்லை. அன்றைக்கு ஒரு ஷீட் ஃபிலிம்கூட எடுக்காமல் இறங்கி வந்தேன். உனக்கு அது நடக்கக் கூடாது.

கிரவுண்ட் கிளாஸும் பெல்லோஸும்

கேமராவிலேயே எளிதில் போகக்கூடியது அந்தச் சொரசொரப்புக் கண்ணாடிதான். அதற்கு அளவாக 3 மி.மீ. அக்ரிலிக் தகடு ஒன்று வெட்டி வைத்திருக்கிறேன். நாலு மூலையிலும் மெல்லிய ஃபோம் ஒட்டியிருப்பதால் தகடு கண்ணாடியைத் தொடாது. இதைப் போட்டு, சுற்றி அகலமான ரப்பர் பேண்டு மாட்டாமல் கேமராவைப் பையில் வைக்காதே. வைக்கும்போது கண்ணாடிப் பக்கம் உன் முதுகைப் பார்த்து இருக்கட்டும். வெளியிலிருந்து பாறையோ பஸ் கம்பியோ இடித்தாலும் முதலில் படுவது மரப் பக்கம்.

ஒருவேளை உடைந்துவிட்டால் அழாதே. நீள உறையில் ஓர் உபரிக் கண்ணாடி இருக்கிறது, காகிதம் சுற்றி, இரண்டு அட்டைக்கு நடுவே. மாட்டும்போது சொரசொரப்பான பக்கம் லென்ஸைப் பார்க்க வேண்டும். திருப்பி மாட்டினால் கண்ணாடியின் கனத்துக்கு ஃபோகஸ் தவறிவிடும். கண்ணுக்குச் சரியாகத் தெரியும், நெகட்டிவில் மங்கலாக வரும். அதுவும் உடைந்தால், அந்த அக்ரிலிக் தகட்டில் எழுதக்கூடிய மங்கல் டேப்பை வரிசையாக ஒட்டினால் அவசரத்துக்கு ஒரு திரை ஆகும்.

மடிப்பதற்கு முன்னால் எல்லா அசைவுகளையும் பூஜ்யத்துக்குக் கொண்டுவா. ஏற்றிய முன் சட்டத்தை இறக்கு, சாய்த்ததை நிமிர்த்து, நகர்த்தியதை நடுவுக்குத் தள்ளு. அப்புறம் திருகுகளை விரல் பலத்தில் இறுக்கு, குறடு பலத்தில் வேண்டாம். மடிக்கும்போது எங்கேயாவது தடை தெரிந்தால் நிறுத்து. பெரும்பாலும் துருத்தி மாதிரி இருக்கும் பெல்லோஸின் ஒரு மடிப்பு வெளியே வந்து மரத்துக்கு நடுவே மாட்டிக்கொண்டிருக்கும். அழுத்தினால் அந்த மடிப்பின் முனையில் ஊசித் துளை விழும். அதன் வழியே உள்ளே வரும் வெளிச்சம் ஃபிலிமில் ஒரு புகைக்கோடாக நிற்கும், வீட்டுக்கு வந்து டெவலப் செய்யும்வரை உனக்குத் தெரியவே தெரியாது.

வெள்ளிக்கிழமை ராத்திரி ஒரு சோதனை செய்துவிடு. விளக்கை அணைத்து, பெல்லோஸை முழு நீளத்துக்கு இழுத்து, உள்ளே டார்ச் அடித்து வெளியிலிருந்து மூலை மூலையாகப் பார். நட்சத்திரம் மாதிரி ஒரு புள்ளி தெரிந்தால் அங்கே கறுப்புத் துணிச் சாயத்தை மெல்லியதாகத் தொட்டு, நன்றாகக் காயும்வரை மடிக்காமல் வை.

லென்ஸ் எவர்சில்வர் டப்பாவில்

லென்ஸைக் கேமராவில் விட்டு மடிக்காதே. நம் 150 மி.மீ. லென்ஸ் உள்ளே அடங்காது. அது மாட்டியிருக்கும் போர்டோடு கழற்றி, முன்னும் பின்னும் மூடி போட்டு, மைக்ரோஃபைபர் துணியில் சுற்றி, அம்மாவின் பழைய அகல டிபன் டப்பாவில் வை. உள்ளே யோகா மேட்டை வட்டமாக வெட்டி அடியிலும் மேலும் போட்டிருக்கிறேன். மூடியை அழுத்தினால் லேசாக எதிர்ப்புக் கொடுக்க வேண்டும், அந்த அளவு போதும். கடைகளில் விற்கும் லென்ஸ் பைகளைவிட எனக்கு இந்த டப்பாமீதுதான் நம்பிக்கை. நசுங்காது, தண்ணீர் புகாது, பையின் இருட்டில் கை வைத்தவுடன் எதுவென்று தெரியும்.

ஷட்டரைக் காக் செய்த நிலையில் வைக்காதே. ஸ்பிரிங் மணிக்கணக்காக இழுபட்டு நிற்கக் கூடாது. கேபிள் ரிலீஸைக் கழற்றித் தனியாகச் சுருட்டி வை. மாட்டியபடி விட்டால் அதன் முனை வளைந்து, ஷட்டரின் மரையையும் சேர்த்துக் கெடுக்கும்.

பலர் கவனிக்காத ஒன்று அதிர்வு. பஸ்ஸிலும் பைக்கிலும் வரும் ஓயாத சின்ன நடுக்கம், லென்ஸின் முன் பின் கண்ணாடித் தொகுதிகளைத் திருகிலிருந்து தளர்த்திவிடும். ஷட்டரைப் போர்டில் பிடித்திருக்கும் வளையமும் அப்படியே. அதனால் இறங்கியதும் டப்பாவைத் திறந்து, முன் தொகுதி, பின் தொகுதி, வளையம் மூன்றையும் விரலால் ஒருதரம் தொட்டு இறுக்கிப் பார். ஊருக்குள் யாராவது பைக்கில் ஏற்றிக்கொண்டால் பையை டேங்க் மேலோ கேரியரிலோ வைக்க விடாதே. முதுகிலேயே இருக்கட்டும், அதிர்வை உன் உடம்பு வாங்கிக்கொள்ளும், லென்ஸுக்குப் போகாது.

ஹோல்டர்கள்: இங்கேதான் பொறுமை வேண்டும்

ஆறு ஃபிலிம் ஹோல்டர், இரண்டு பக்கமும் சேர்த்து 12 ஷீட். அதுதான் உன் பயணம் முழுவதற்கும் உள்ள படங்கள். ஒரு ஷீட் 35 மி.மீ. படத்தைப்போல 13 மடங்கு பரப்பு என்பதால் அதில் விழும் ஒரு தூசியும் அப்படியே பதிவாகும். படம் பிடிக்கும் நேரத்தில் ஃபிலிம் மேல் தூசி இருந்தால் அந்த இடத்தில் வெளிச்சம் படாது. நெகட்டிவில் தெளிவான ஓட்டை, பிரிண்டில் கறுப்புப் புள்ளி. வானத்தில் அது விழுந்தால் பூச்சி ஊர்ந்த மாதிரி தெரியும்.

ஆகவே ஃபிலிம் ஏற்றும் முன்னால் குளியலறையின் தரையையும் சுவரையும் தண்ணீர் விட்டுக் கழுவி, அரைமணி நேரம் கதவைச் சாத்து. காற்றில் பறக்கும் தூசி கீழே அடங்கும். பருத்தித் துப்பட்டா, கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு உள்ளே போகாதே. ஹோல்டரின் டார்க் ஸ்லைடை உருவி, உள்புறத்தை மென்மையான பிரஷ்ஷால் துடைத்து, கவிழ்த்து விளிம்பில் இரண்டு தட்டு. பிறகு விளக்கை அணைத்து ஏற்று. ஷீட்டை நிமிர்த்திப் பிடிக்கும்போது வெட்டுக்குறி வலது மேல் மூலையில் விரலுக்குத் தட்டுப்பட்டால் மருந்துப் பக்கம் உன்னைப் பார்க்கிறது. உனக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் அவசரத்தில் நான்கூட ஒருமுறை திருப்பிப் போட்டிருக்கிறேன்.

ஏற்றியதும் ஒவ்வொரு ஹோல்டரும் தனித்தனி ஜிப் கவருக்குள் போகட்டும். டார்க் ஸ்லைடின் வெள்ளைப் பட்டை வெளியே பார்த்தால் எடுக்காத ஷீட், கறுப்பு வெளியே பார்த்தால் எடுத்தாயிற்று. அந்தப் பட்டையை மட்டும் நம்பாதே. மேலே உள்ள சின்னக் கொக்கிகளை இரண்டு பக்கமும் திருப்பிப் பூட்டு. பைக்குள் ஒரு துணி மாட்டி இழுத்து ஸ்லைடு அரை அங்குலம் வெளியே வந்தாலும் ஷீட் போச்சு. எடுத்து முடித்தவற்றுக்கு வேறு அறை. எடுக்காதவை பையின் இடது பக்கம், எடுத்தவை வலது பக்கம், மேலே குறுக்கே ரப்பர் பேண்டு. களைத்துப் போன சாயங்காலத்தில் மூளை வேலை செய்யாது. கை பழகிய இடத்துக்குத்தான் போகும்.

கடைசி ஹோல்டரை எப்போதும் தனியாக மிச்சம் வை. ஆன்சல் ஆடம்ஸ் 1927 ஏப்ரலில் யோசெமிட்டியில் ஹாஃப் டோம் பாறையைப் பிடிக்க ஏறியபோது அவரிடமும் 12 கண்ணாடித் தகடுகள்தான். பெரிய கேமரா, மர டிரைபாட், தகடுகள் என்று முதுகில் 18 கிலோ அளவுக்குச் சுமை, காலடியில் பனி. பாறை எதிரே வந்து நின்றபோது மிச்சம் இரண்டு தகடு. ஒன்றை மஞ்சள் ஃபில்டர் போட்டு எடுத்தார். வானம் தான் நினைத்த இருட்டில் வராது என்று உடனே தோன்றவே, அடர் சிவப்பு ஃபில்டரை மாட்டிக் கடைசித் தகட்டில் எடுத்ததுதான் உலகம் முழுதும் தெரிந்த அந்த 'மோனோலித்' படம். வழியிலேயே 12ஐயும் தீர்த்திருந்தால்? வட்டக்கானலில் முதல் வளைவிலேயே பனி உன்னை மயக்கும். பாதியை டால்ஃபின்ஸ் நோஸ் பாறை முனைக்கு வைத்திரு.

பையும் முதுகும்

நகரத்தில் விற்கும் கேமரா பைகள் இதற்கு ஒத்துவராது. அவை சின்ன அறைகளாகப் பிரிந்திருக்கும். நம் கேமரா ஒரே சதுரப் பெட்டி. நான் வைத்திருப்பது 40 லிட்டர் டிரெக்கிங் பை, முன்பக்கம் முழுசாக ஜிப் திறப்பது. மேல்வாய் மட்டும் திறக்கும் பை என்றால் கேமராவை எடுக்க எல்லாவற்றையும் பாறை மேல் பரப்ப வேண்டியிருக்கும். உள்ளே யோகா மேட்டை வெட்டித் தடுப்புகள் செய்திருக்கிறேன். தடுப்பு புதிதாக ஒட்ட வேண்டியிருந்தால் பசை வாசம் முழுதும் போகிறவரை, இரண்டு மூன்று நாள் வெயில் படாமல் காயவிட்டு அப்புறம் கேமராவை வை.

எல்லாம் சேர்த்துத் தராசில் நிறுத்தேன். கேமரா ஒன்றரை கிலோ, லென்ஸ் முன்னூறு கிராம் சொச்சம், ஆறு ஹோல்டரும் ஒரு கிலோவுக்கு மேல், டிரைபாட் தலையோடு இரண்டரை, கறுப்புத் துணி, லைட் மீட்டர், லூப் வகையறா ஒரு கிலோ, தண்ணீர் ஒரு லிட்டர், பையின் சொந்த எடை ஒன்றரை. ஒன்பது கிலோ தாண்டுகிறது. நம் மதுரையை 1858இல் படம் பிடித்த லின்னேயஸ் டிரைப், பெரும்பாலும் மெழுகேற்றிய காகித நெகட்டிவையே பயன்படுத்தினார். காகிதம் உடையாது, எடையும் குறைவு. அப்படியும் அவருடைய சாமான்கள் மாட்டு வண்டியில் போயின. உனக்கு வண்டி கிடையாது. எது கட்டாயமில்லையோ அதை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போ. 90 மி.மீ. லென்ஸைக் கேட்டாய், முதல் பயணத்துக்கு ஒரு லென்ஸ் போதும் என்பேன்.

கனமானது முதுகோடு ஒட்டி, தோள்பட்டைகளுக்கு நடுவில் வர வேண்டும். அங்கே கேமரா. அதன் கீழே ஹோல்டர்கள், வெளிப்பக்கம் துணிமணி. தண்ணீர் பாட்டில் வெளிப்பையில் மட்டும், கேமராவோடு ஒரே அறையில் ஒருபோதும் வேண்டாம். இடுப்புப் பட்டையை இடுப்பு எலும்பின் மேல் உட்காரவைத்து முதலில் அதை இறுக்கு, பிறகுதான் தோள் பட்டை. தோள் வலித்தால் பட்டை எங்கோ தவறு. சுமை இடுப்பில்தான் நிற்க வேண்டும். தரையிலிருந்து ஒரே வீச்சாக முதுகுக்கு வீசாதே. முதலில் தொடைமேல் ஏற்று, ஒரு கையை நுழை, பிறகு மற்றது. உள்ளே இருப்பது கண்ணாடி.

டிரைபாடைப் பக்கவாட்டில் தொங்கவிட்டால் இறக்கத்தில் உன்னை ஒரு பக்கமாக இழுக்கும். டால்ஃபின்ஸ் நோஸ் போகும் பாதையில் வேர்கள் படிக்கட்டு மாதிரி கிடக்கின்றன. போகும்போது இறக்கம், களைத்துத் திரும்பும்போது ஏற்றம். டிரைபாடைப் பையின் வெளிப்பக்கம் நடுவில் நிமிர்த்திக் கட்டு, மேலும் கீழும் இரண்டு பட்டை. கேமராவை டிரைபாடில் மாட்டியபடி தோளில் சாய்த்துக்கொண்டு அடுத்த இடத்துக்கு நடக்கிறவர்களைப் பார்த்து நீயும் செய்யாதே. பத்தடியாக இருந்தாலும் கழற்று, மடி, வை.

பஸ்ஸில் பை உன் மடியில். மேல் பலகையிலும் வேண்டாம், டிக்கியிலும் வேண்டாம். வத்தலக்குண்டு தாண்டியதும் வளைவுகள் தொடங்கும், மேல் பலகையில் இருப்பதெல்லாம் ஒன்றன்மேல் ஒன்று சரியும். இரண்டு டிக்கெட் எடுத்தால்கூடத் தப்பில்லை.

பனி, குரங்கு, காட்டெருமை

மழை உறை பையின் வெளிப்பக்கத்தை மட்டும்தான் காக்கும். உன் முதுகு வழியே வழியும் தண்ணீர் பின்பக்கமாக உள்ளே இறங்கும். அதனால் பைக்குள் கெட்டியான கறுப்புக் குப்பைக் கவர் ஒன்றை விரித்து, அதற்குள் எல்லாவற்றையும் வைத்து வாயை முறுக்கு. ஒரு பெரிய குடை கட்டாயம். மழைக்கு ஆகும், காற்று வீசினால் பெல்லோஸுக்கு மறைப்பாகவும் பிடிக்கலாம். பெல்லோஸ் நனைந்தால் உடனே மடிக்காமல் துணியால் ஒற்றி, அறைக்குப் போய் முழுசாக இழுத்து நிழலில் காயவை. ஹேர் டிரையர், அடுப்படி, வெயில் மூன்றும் வேண்டாம்.

கொடைக்கானல் 2,100 மீட்டர் உயரம். அதிகாலைக் குளிரில் கேமரா ஜில்லென்று ஆகிவிடும். அந்தக் கேமராவோடு சமவெளிக்கு இறங்கி, வெதுவெதுப்பான ஈரக் காற்றில் பையைத் திறந்தால் லென்ஸின் உள்ளேயும் நீர் கோர்க்கும். பூஞ்சணம் ஆரம்பிப்பது அங்கேதான். வீட்டுக்கு வந்ததும் பை மூடியபடியே இரண்டு மணி நேரம் இருக்கட்டும்.

அட்டைக்கும் கொசுவுக்கும் தடவும் மருந்தில் பல வகை பிளாஸ்டிக்கையும் வார்னிஷையும் கரைக்கும். தடவிய கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் கேமராவையும் ஹோல்டரையும் தொடாதே.

கேமரா பைக்குள் வாழைப்பழம், சிப்ஸ், கடலைமிட்டாய் எதுவும் இருக்கக் கூடாது. அங்கே குரங்குகளுக்கு ஜிப் திறக்கத் தெரியும். ஃபோகஸ் பார்க்க நீ கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுவிட்டால் வெளியே என்ன நடக்கிறதென்று உனக்குத் தெரியாது. அதனால் பையை மூடி, அதன் ஒரு பட்டையை டிரைபாட் காலில் மாட்டிவிட்டுத்தான் துணிக்குள் போ. காட்டெருமை ஊருக்குள்ளேயே நடமாடும் இடம் அது. உன்னோடு வரும் தோழியிடம் கண்டிப்பாகச் சொல்லி வை: நீ துணிக்குள் இருக்கும்போது அவள் போனைப் பார்க்கக் கூடாது, சுற்றிலும் பார்க்க வேண்டும். தனியாகப் போய்த் துணிக்குள் தலைவிடுவதை நான் அனுமதிக்கவே மாட்டேன்.

இடத்துக்குப் போனதும் முதலில் பழைய ரெக்ஸின் விரிப்பைத் தரையில் போடு. சாமான் எதுவும் மண்ணைத் தொடக் கூடாது. டிரைபாட், கேமரா, லென்ஸ், துணி, கடைசியாக ஹோல்டர். எப்போதும் இதே வரிசை. ஒவ்வொன்று எடுத்ததும் பை ஜிப்பை மூடு, லூப் கழுத்தில் கயிற்றில் தொங்கட்டும். கிளம்பும்போது ஐந்து விரலை மடக்கி எண்ணு: லென்ஸ் மூடி, கேபிள் ரிலீஸ், லூப், மீட்டர், அக்ரிலிக் தகடு. இந்த ஐந்துதான் பாறையில் மறந்துவிட்டு வருபவை.

பின்னால் எப்போதாவது விமானத்தில் கொண்டுபோனால், ஃபிலிமைச் செக்-இன் பெட்டியில் போடாதே. கையில் வைத்துக்கொண்டு, சோதனையில் கையால் பார்க்கச் சொல்லிக் கேள். புது சி.டி. வகை ஸ்கேனர் ஒரே தடவையிலேயே ஃபிலிமைப் புகையடித்துவிடும்.

திரும்பி வந்தபின் கேமராவைப் பையிலேயே விட்டுவிடாதே. ஃபோமும் துணியும் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். லென்ஸை மட்டும் சிலிக்கா ஜெல் போட்ட காற்றுப் புகாத டப்பாவுக்கு மாற்று. நீல மணிகள் ரோஜா நிறமாகியிருந்தால் ஈரம் குடித்து நிறைந்துவிட்டது. அதைச் சமையல் பாத்திரத்தில் வறுக்காதே, அந்த நீலச் சாயம் விஷம். ஈரம் உறிஞ்ச அரிசியும் வேண்டாம், அதன் மாவு எல்லா இடுக்கிலும் போய் உட்காரும். மரக் கேமராவை அந்த டப்பாவில் அடைக்க வேண்டாம், அளவுக்கு மீறிக் காய்ந்தால் மரம் வெடிக்கும். பீரோவின் மேல்தட்டில் துணி மூடி வைத்தால் போதும்.

டிபன் டப்பா அடுப்படி அலமாரியில் இரண்டாவது தட்டில் இருக்கிறது. அம்மா அதில் மிளகாய் வற்றல் போட்டுவிடுவதற்குள் எடுத்துவிடு. எடுத்து முடித்த ஹோல்டர்களை மட்டும் நீ பிரிக்காதே. ஞாயிற்றுக்கிழமை ராத்திரி வந்துவிடுவேன், இருட்டில் உட்கார்ந்து இரண்டு பேருமாகப் பிரிப்போம்.